பாறைக்கா, பாதைக்கா?

மேற்கு மலைச் சரிவில், வெயில்கூடத் தயங்கித் தயங்கி உள்ளே நுழையும் ஒரு காட்டில், விலங்குகளின் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடந்து வந்தது.

பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் இல்லை. ஒரு பெரிய குகை. அதன் வாசலை ஒட்டியே அருவி விழுந்தது. கோடையிலும் வற்றாத அருவி. குகையின் சுவர்கள் தேய்த்துக் கழுவியதுபோல வழவழவென்று இருக்கும். காலை வெயில் அருவியில் பட்டதும் உள்ளே வானவில் விழும்.

"இப்படி ஓர் அழகான பள்ளிக்கூடம் வேறு எந்தக் காட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார் தலைமையாசிரியர் மயிலார். கேட்டுவிட்டுத் தோகையை ஒரு முறை விரித்துக் காட்டுவார். வந்தவர்களும் வியந்துவிட்டுப் போவார்கள்.

அவர்கள் வாசலில் நின்று பார்த்தவர்கள், குழந்தைகளே. உள்ளே உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள் இல்லை.

உள்ளே அருவியின் இரைச்சல் ஓயவே ஓயாது. அதற்கு மேல் சில்வண்டுகளின் கத்தல். குகையின் ஒரு கோடியில் மிளா டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். மறு கோடியில் கரடி வாத்தியார் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். நடுவில் ஒரு தடுப்புகூடக் கிடையாது. ஒரு சொல் வாயிலிருந்து கிளம்பினால் அது சுவரில் மோதி, எதிர்ச்சுவரில் மோதி, கூரையிலும் மோதிவிட்டு, அடுத்த சொல்லின் தலைமேலேயே வந்து விழும்.

மிளா என்றால் தெரியும் அல்லவா? நம் காட்டு மான்களிலேயே பெரிய மான். மிளா டீச்சருக்கு உடம்பு பெரிதே தவிர, குரல் மெல்லிய குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அருவியோடு போட்டி போடுவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது தொண்டை முள் குத்தியதுபோல எரியும். வீட்டில் அவருடைய சொந்தக் குட்டி ஓடி வந்து, "அம்மா, இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால், பதில் சொல்லக் குரல் இருக்காது. அதன் நெற்றியை நக்கிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்பதை மயிலார்தான் முடிவு செய்தார். வாசலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அழகாகத் தெரிய வேண்டும் அல்லவா? ஆகையால் புள்ளிமான்குட்டி நெல்லி முதல் வரிசை. குரங்குக்குட்டி வாலன், முள்ளம்பன்றிக்குட்டி ஈட்டி எல்லாம் பின்னால். முயல்குட்டி தும்பை எல்லாருக்கும் பின்னால், கரடி வாத்தியாரின் வகுப்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில்.

தும்பை நல்ல பெண். சொன்ன பேச்சைத் தட்டமாட்டாள். ஆனால் கூச்சம் அதிகம். ஒரு முறை அவள் எழுந்து, "டீச்சர், கேட்கவில்லை" என்று சொன்னபோது, வாலன் திரும்பிப் பார்த்துத் தன் காதுகள் இரண்டையும் நீளமாக இழுத்துக் காட்டினான். வகுப்பே சிரித்தது. அதிலிருந்து தும்பை எழுந்திருக்கவே இல்லை. எல்லாரும் தலையாட்டினால் தானும் தலையாட்டுவாள். எல்லாரும் சிரித்தால் தானும் சிரிப்பாள். காதில் விழுந்த பாதிச் சொல்லை வைத்துக்கொண்டு மீதிச் சொல்லை யோசித்து யோசித்துக் கண்டுபிடிப்பாள். அது ஒரு பெரிய வேலை. மத்தியானத்துக்குள் அவளுக்குத் தலை வலிக்கத் தொடங்கிவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமலேயே தூங்கிவிடுவாள்.

"என்னடி இது, பாறை தூக்கிவிட்டு வந்தவள்போல விழுகிறாய்?" என்பாள் அம்மா முயல்.

"பாடம் கேட்டேன் அம்மா" என்பாள் தும்பை.

பாடம் கேட்டால் இவ்வளவு அலுப்பு வருமா என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

பனிக்காலம் முடிந்தது. புல் காய்ந்து பொன்னிறமானது. ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சமயத்தில் மிளா டீச்சர் ஒரு முக்கியமான பாடம் நடத்துவார். காட்டுத்தீப் பாடம்.

குகைக்கு மேலே ஒரு புல்வெளி இருந்தது. மத்தியான இடைவேளையில் பிள்ளைகள் மேயவும் விளையாடவும் அங்கேதான் போவார்கள். புல்வெளியின் மேல்பக்கம் ஒரு மொட்டைப் பாறை. அதில் ஒரு புல்கூட முளைக்காது. கீழ்ப்பக்கம் ஆற்றுக்குப் போகும் பாதை. அதன் இரு பக்கமும் யானையே மறையும் அளவுக்கு உயரமான காய்ந்த புல்.

"தீ வந்தால் பாறைக்கு ஓடு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்திச் சொன்னார் மிளா டீச்சர். "பாறையில் எரிவதற்கு ஒன்றும் இல்லை. தீ அங்கே வராது!"

அந்த நேரம் பார்த்துக் கரடி வாத்தியார் தன் பிள்ளைகளைக் கூட்டல் வாய்பாட்டை ஒன்றாகச் சேர்ந்து சொல்லச் சொன்னார். குகை அதிர்ந்தது.

பின்வரிசையில் தும்பை இரண்டு காதையும் முன்னால் சாய்த்தாள். "தீ வந்தால் பா...க்கு ஓடு" என்று விழுந்தது. அவள் யோசித்தாள். பாதைக்கு ஓடு என்றுதான் டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். பாதையில் போனால் ஆறு வரும். ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்துக்குத் தீ வராது. சரியாகத்தான் இருக்கிறது.

"புரிந்ததா, பிள்ளைகளே?" என்று கேட்டார் டீச்சர்.

"புரிந்தது, டீச்ச்சர்ர்ர்!" என்று வகுப்பே கூவியது. தும்பையும் கூவினாள்.

மிளா டீச்சர் பெருமூச்சு விட்டார். இந்த ஆண்டுக்கான முக்கியமான பாடம் முடிந்தது. அவர் போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

சில நாள் கழித்து, நல்ல மத்தியானத்தில் தீ வந்தது.

எங்கிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் புகை நாற்றம். பிறகு புல்வெளியின் ஓரத்தில் படபடவென்று ஒரு சத்தம். "தீ!" என்று யாரோ அலறினார்கள். நெல்லி துள்ளிக் குதித்துப் பாறையை நோக்கி ஓடினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். மிளா டீச்சர் பின்னாலிருந்து ஒவ்வொருவரையும் முட்டித் தள்ளி மேலே ஏற்றினார்.

பாறைமேல் ஏறி நின்று பார்த்தால் தும்பையைக் காணோம்.

"தும்பை எங்கே? யாராவது தும்பையைப் பார்த்தீர்களா?"

"அவள் கீழே ஓடினாள் டீச்சர்!" என்றான் ஈட்டி. "புல் மேய்ந்துகொண்டு ஓரமாக இருந்தாள். பாதைப் பக்கம் ஓடினாள்!"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பாதையின் மேல் புகை படுத்திருந்தது. கரடி வாத்தியாரைக் கூப்பிடலாமா, மயிலாரிடம் சொல்லலாமா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. பாறையிலிருந்து ஒரே தாவு. பாதையில் இறங்கி ஓடினார்.

"தும்பை! நில்! தும்பை!"

தீயின் படபடப்பில் அந்தக் குரல் எங்கே கேட்கப் போகிறது? தும்பை திரும்பிப் பார்க்காமல் ஆற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். ஆற்றுப் பக்கம் புல் ஏற்கெனவே பற்றிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. டீச்சர் எட்டிப் பிடித்து, மூக்கால் அவளைப் பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளினார். இரண்டு பேரும் உருண்டு, மிளாக்கள் புரளும் ஒரு சேற்றுக்குழியில் போய் விழுந்தார்கள். டீச்சர் தும்பையைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அப்படியே படுத்துவிட்டார்.

தீ அவர்களைத் தாண்டிப் போயிற்று.

டீச்சரின் முதுகில் ரோமம் கருகி நாறியது. தும்பையின் ஒரு காதின் நுனி பொசுங்கியிருந்தது. அருவி தூரத்தில் இருந்தது. சில்வண்டுகள்கூட வாயடைத்துப் போயிருந்தன.

டீச்சர் குனிந்து, அவள் காதோரமாக, மெதுவாகக் கேட்டார்: "ஏன் இந்தப் பக்கம் ஓடி வந்தாய், கண்ணு?"

தும்பைக்குப் பள்ளியில் சேர்ந்த பிறகு டீச்சரின் குரல் முழுதாகக் கேட்டது அப்போதுதான். ஒரு சொல்லும் உடையாமல் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

"நீங்கள்தானே டீச்சர் பாதைக்கு ஓடச் சொன்னீர்கள்? சொன்னபடிதானே ஓடினேன்?"

மிளா டீச்சர் சேற்றில் படுத்தபடியே, அருவி விழுந்துகொண்டிருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மயிலார் எல்லாரையும் கூட்டினார். அம்மா முயலையும் வரச் சொல்லியிருந்தார்.

"பாடத்தைக் கவனிக்காத பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். டீச்சரின் உயிருக்கே ஆபத்து வந்திருக்கும். அழைத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

"என் பெண் மக்கு இல்லை, ஐயா" என்றாள் அம்மா முயல். இரவெல்லாம் அழுததில் அவளுக்குப் பேசவே தெம்பு இல்லை. "கேட்கவில்லை என்றுதான் சொல்கிறாள்."

"கேட்கவில்லையா! இவ்வளவு பெரிய காதுகளை வைத்துக்கொண்டா?"

தும்பை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "என் காதில் எல்லாமே விழுகிறது, ஐயா. அருவி விழுகிறது, வண்டு விழுகிறது, கரடி வாத்தியார் விழுகிறார். அதனால்தான் டீச்சர் விழுவதில்லை."

"சாக்கு!" என்றார் மயிலார். "மற்ற பிள்ளைகள் எல்லாம் சரியாகப் பாறைக்கு ஓடவில்லையா?"

அப்போது மிளா டீச்சர் எழுந்தார். "ஐயா, ஒரு நிமிடம். பிள்ளைகளே, யாரும் திட்டமாட்டார்கள். அன்றைக்கு நான் சொன்னது உங்கள் காதில் எப்படி விழுந்ததோ, அப்படியே சொல்லுங்கள்."

"பாறைக்கு ஓடு என்று சொன்னீர்கள் டீச்சர்" என்றாள் முதல் வரிசை நெல்லி.

"நீ சொல், ஈட்டி."

முள்ளம்பன்றிக்குட்டி தயங்கினான். "யானைக்கு ஓடு என்று கேட்டது டீச்சர். எந்த யானை என்று தெரியவில்லை. அதற்குள் எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன்."

"எனக்கு 'மாலைக்கு ஓடு' என்று விழுந்தது" என்றான் உடும்புக்குட்டி. "சாயங்காலம் வரை பொறுத்திருக்க வேண்டுமோ என்று நினைத்தேன்."

"வாலா, உனக்கு?"

வாலன் வாலைச் சுருட்டிக்கொண்டான். அன்று தும்பையைப் பார்த்துக் காதை இழுத்துக் காட்டியவன் அவன்தானே. "எனக்கு எதுவுமே கேட்கவில்லை டீச்சர். நெல்லி ஓடின பக்கம் ஓடினேன்."



மிளா டீச்சர் பிள்ளைகளை வரிசையாகப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளாக இந்தத் தொண்டையைக் கிழித்துக்கொண்டது முதல் வரிசைக்கு மட்டும்தானா? எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டினார்களே. அவரும் அதைப் பார்த்து நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கப் போனாரே.

"ஐயா, இந்தக் குகை வேண்டாம்" என்றார். "வேறு இடம் பார்க்கலாம்."

மயிலார் துள்ளி எழுந்தார். "இந்தக் குகையையா? வானவில் விழும் குகையையா? குறை குகையில் இல்லை டீச்சர். நீங்கள் போதிய அளவு உரக்கச் சொல்வதில்லை. நாளையிலிருந்து இன்னும் சத்தமாகப் பாடம் நடத்துங்கள். தும்பை இருந்துவிட்டுப் போகட்டும்."

மறுநாள் மிளா டீச்சர் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

அவர் கத்தியதால் கரடி வாத்தியாரின் வகுப்பில் ஒன்றும் கேட்கவில்லை. ஆகையால் கரடி வாத்தியாரும் இன்னும் சத்தமாகக் கத்தினார். இருவரும் கத்தியதால் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசக் கத்த வேண்டியதாயிற்று. பிள்ளைகள் கத்தியதால் மயிலார் வந்து, "சத்தம் போடாதீர்கள்!" என்று கத்தினார். எல்லாக் கத்தலையும் குகை வாங்கி வாங்கித் திருப்பித் திருப்பிக் கொடுத்தது.

வாரம் முடிவதற்குள் மிளா டீச்சருக்குக் குரல் உடைந்துவிட்டது. ஆற்றங்கரையில் அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது கரடி வாத்தியார் அங்கே தொண்டையில் தேன் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குமா வாத்தியாரே?" என்றார் டீச்சர், காற்றாக வந்த குரலில்.

"எனக்கு எப்போதோ போய்விட்டது, டீச்சர்" என்றார் கரடி. "நான் கத்துவதை எல்லாரும் கோபம் என்று நினைக்கிறார்கள். கோபப்படக்கூட என்னிடம் தெம்பு இல்லை. அந்த மயிலாரிடம் சொல்லிப் பயன் இல்லை. அவர் வாசலில் நிற்கிறவர். உள்ளே உட்கார்ந்தால்தானே தெரியும்?"

மிளா டீச்சர் குடிப்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினார்.

மறுநாள் காலையில் அவர் மயிலாரிடம் போனார். "ஐயா, உங்கள் சொற்படிதான் பாடம் நடத்துகிறேன். சரியாக இருக்கிறதா என்று நீங்களே ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்."

மயிலாருக்குப் பெருமையாகப் போயிற்று. "அதற்கென்ன, தாராளமாக!" என்று உள்ளே வந்தார்.

"பின்னால் உட்காருங்கள் ஐயா. அங்கிருந்து பார்த்தால் வகுப்பு முழுவதும் தெரியும். தும்பை, நீ எழுந்து முன்னால் வா."

மயிலார் தும்பையின் இடத்தில், தோகையை அகலமாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் பாடத்தைத் தொடங்கினார். மயிலார் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார். டீச்சரின் வாய் அசைந்தது. அருவி கொட்டியது. முதுகுக்குப் பின்னால் கரடி வாத்தியாரின் பிள்ளைகள் வாய்பாடு சொன்னார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு சொல்லின் வால் வந்து விழுந்தது.

நடுப்பாடத்தில் டீச்சரின் பார்வை மயிலாரின் தோகையில் போய் நின்றது. பக்கச் சுவரின் வெடிப்பிலிருந்து முசுறு எறும்புகள் சாரை சாரையாக இறங்கிக்கொண்டிருந்தன. கடித்தால் உயிர் போவதுபோல வலிக்கும் சிவப்பு எறும்புகள்.

டீச்சர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பாடம் சொல்லும் அதே குரலில் சொன்னார்: "மயிலார் ஐயா, உங்கள் தோகையில் முசுறு ஏறுகிறது. எழுந்திருங்கள்."

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் தன்னையே பார்ப்பதை மயிலார் கவனித்தார். டீச்சர் தன்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். புகழ்ச்சியாகத்தான் இருக்கும். பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"ஐயா, முசுறு! எழுந்திருங்கள்!"

மயிலார் புன்னகையோடு மறுபடியும் தலையாட்டினார். "ஆகட்டும், ஆகட்டும், தொடருங்கள்."

"ஐயா, கழுத்து வரை வந்துவிட்டது!"

"அற்புதம்!" என்றார் மயிலார்.

அடுத்த நொடி குகையே இடிந்து விழுவதுபோல ஓர் அகவல். மயிலார் எழும்பினார், குதித்தார், சுவரில் மோதினார், ஈட்டியின் முள்ளில் உட்கார்ந்து மறுபடியும் எழும்பினார். கடைசியில் ஓடிப்போய் அருவியில் விழுந்துதான் எறும்பிலிருந்து தப்பினார். தோகை நனைந்து, இறகுகள் சில உதிர்ந்து, அவர் கரையேறி வந்தபோது சிரிக்காத பிள்ளை ஒன்றுதான். அது தும்பை.

"என்ன டீச்சர் இது!" என்று நடுங்கிக்கொண்டே கேட்டார் மயிலார். "எறும்பு ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றீர்களா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னேன், ஐயா. திரும்பத் திரும்பச் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள்."

"நானா?"

"ஆமாம். 'அற்புதம்' என்றும் சொன்னீர்கள்."

மயிலார் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் ஆமாம் என்று தலையசைத்தார்கள். அவருடைய கழுத்து தொங்கிப்போயிற்று.

"கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே, ஐயா?" என்றார் டீச்சர். அவர் குரலில் கேலி இல்லை. கேலி செய்யும் அளவுக்கு அவருக்குத் தெம்பும் இல்லை.

மயிலார் நனைந்த தோகையை இழுத்துச் சுருட்டிக்கொண்டார். "எல்லாரும் என்னையே பார்த்தார்கள்" என்றார். "சொல்வதற்கு ஒரு மாதிரி இருந்தது."

பிறகு அவர் தும்பையின் பக்கம் திரும்பினார். பொசுங்கிய அந்தக் காது நுனியைப் பார்த்தார். "வேறு இடம் பாருங்கள், டீச்சர்" என்று மட்டும் சொன்னார். மெல்ல நடந்து வெளியே போனார்.

மழைக்கு முன்பே பள்ளிக்கூடம் இடம் மாறியது. மலையின் முதுகுக்கு அந்தப் பக்கம், அருவிச் சத்தம் வராத ஒரு பள்ளத்தில், தரையெல்லாம் மெத்தென்று சருகு; சுற்றிலும் பாசி படர்ந்த மரங்கள். சொன்ன சொல் மோதித் திரும்பாமல் அங்கேயே அடங்கியது. கரடி வாத்தியார் தன் வகுப்பை மேட்டுக்கு அப்பால் கொண்டுபோனார். அங்கே அவர் மெதுவாகப் பேசுகிறார் என்றும், பிள்ளைகள் இப்போது அவரிடம் பயப்படுவதில்லை என்றும் கேள்வி.

பிள்ளைகள் டீச்சரைச் சுற்றி அரைவட்டமாக, அவர் வாயைப் பார்க்கும்படி உட்கார்ந்தார்கள். தும்பைக்கு டீச்சரின் முன்னங்காலுக்குப் பக்கத்திலேயே இடம்.

வானவில் விழாத அந்தப் பள்ளத்தை மயிலாருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், குழந்தைகளே. காட்டில் சத்தமே இல்லாத இடம் ஏது? சில்வண்டுகள் அங்கேயும் இருந்தன. அவை தொடங்கினால் டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அவை ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து சொல்வார். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்வார். முக்கியமானதைச் சொன்னால், "புரிந்ததா?" என்று கேட்கமாட்டார். "நான் என்ன சொன்னேன், நீ சொல்" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். இதனால் பாடம் மெதுவாகத்தான் நகர்ந்தது. உடைந்த குரலும் முழுதாகத் திரும்பி வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது இப்போதும் அவருக்கு அலுப்பாகத்தான் இருந்தது.

ஒரு மாலை. மழை வரும் போலிருந்தது. டீச்சர் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். கடைசிப் பாடம், ஆற்று வெள்ளத்தைப் பற்றி. அதைச் சொல்லி முடித்தால் வீட்டுக்குப் போகலாம். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே காற்று ஒன்று புறப்பட்டு மரங்களையெல்லாம் உலுக்கியது. சருகுகள் சலசலத்தன. பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுந்துவிட்டார்கள்.

தும்பை எழவில்லை. அவள் வாலனைப் பார்த்தாள். நெல்லியைப் பார்த்தாள். அவளுடைய மூக்கு படபடவென்று துடித்தது. பிறகு முன்னங்காலை உயர்த்தினாள்.

"டீச்சர், எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்கிறீர்களா?"

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கும்தான்" என்றான் வாலன், மறுபடியும் உட்கார்ந்துகொண்டே.

"எனக்கும், டீச்சர்" என்றான் ஈட்டி.

மிளா டீச்சர் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார். கால்கள் வலித்தன. தொண்டை எரிந்தது. முன்கால்களை மடக்கி, பிள்ளைகளின் நடுவே சருகின்மேல் உட்கார்ந்தார். காற்று அடங்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு வெள்ளப் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

நீதி: சொல்லிவிட்டோம் என்று ஓய்ந்துவிடாதே, கேட்டவரின் காதில் என்ன போய்ச் சேர்ந்தது என்று கேட்டுப் பார்.